தரவரிசையில் 400-ஐத் தாண்டி இருக்கும் பிரிட்டிஷ் வீராங்கனையை எப்படித் தொடர்வது?

இரண்டாவது சர்வ் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். லஃப்பரோவில் எம்.எஸ்சி. படிக்கிறேன். போன மாதம் ஒரு மாலை நூலகத்திலிருந்து திரும்பும்போது பல்கலைக்கழக டென்னிஸ் மையத்தின் கதவில் 'டபிள்யூ35' என்று ஓர் அறிவிப்பைப் பார்த்தேன். மழை வேறு. கொஞ்சம் ஒதுங்கலாம் என்று உள்ளே போனேன். டிக்கெட் கேட்க யாருமில்லை. மொத்தம் இருபது பேர் உட்கார்ந்திருந்தால் அதிகம்.

ஒரு பிரிட்டிஷ் பெண் ஆடிக்கொண்டிருந்தார். தரவரிசையில் நானூற்றுச் சொச்சம் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். மூன்றாவது செட்டில் 5-2 என்று முன்னிலையில் இருந்தவர் 5-7 என்று தோற்றுப் போனார். பந்து பொறுக்கிக் கொடுக்கக்கூட ஆளில்லை, அவரேதான் நடந்துபோய் எடுத்து வந்தார். ஆட்டம் முடிந்ததும் தன் பையைத் தானே கட்டிக்கொண்டு நடைபாதையில் தரையில் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டார். நாற்பது நிமிடம் கழித்து அதே பெண் இரட்டையர் ஆட வந்து நின்றார். முகத்தில் முந்தைய தோல்வியின் சுவடே இல்லை. அதைப் பார்த்ததிலிருந்து மனதைவிட்டுப் போகவில்லை.

பெயரைக் குறித்துக்கொண்டேன். ஆனால் செய்திகளில் தேடினால் ராடுகானு, போல்டர் தவிர வேறு யாரும் வருவதில்லை. இவர் அடுத்து எங்கே ஆடுவார், எங்கே பார்ப்பது, அந்த 35 என்பது என்ன கணக்கு? இந்த இடத்திலிருந்து ஒருவர் மேலே வருவது நடக்கிற காரியம்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நெட்கார்ட் பதில்:

சுருக்கமாகச் சொல்கிறேன். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் தளத்தில் (ஐடிஎஃப்) அவர் பெயரைத் தேடினால் அவருக்கென்று ஒரு பக்கம் இருக்கும். ஆடிய ஆட்டங்கள் எல்லாம் அதில் வரும். இந்த மட்டத்துப் போட்டிகள் பலவற்றுக்கு நேரலையும் அங்கேயே இலவசமாகக் கிடைக்கும். கோர்ட்டின் ஒரு முனையில் அசையாமல் நிற்கும் ஒற்றை கேமரா. வர்ணனை இருக்காது. பழகிவிடும்.

35 என்பது அந்தப் போட்டியில் பட்டம் வென்றால் கிடைக்கும் தரவரிசைப் புள்ளி. 2024 முதல் இப்படித்தான் பெயர் வைக்கிறார்கள்: 15, 35, 50, 75, 100. அதற்கு மேலே டபிள்யூடிஏ (மகளிர் டென்னிஸ் சங்கம்) நடத்தும் 125, அப்புறம் 250 என்று போகும்.

---

ஸ்காட்ஸ்டன் பெஞ்ச் பதில்:

தம்பி, நீங்கள் மழைக்கு ஒதுங்கினீர்கள். நான் இரவுப் பணி முடிந்து தூக்கம் வராமல் போய் உட்கார்ந்தவள். கிளாஸ்கோவில் நர்ஸாக இருக்கிறேன். ஸ்காட்ஸ்டன் உள்ளரங்கில் குளிர்காலத்தில் இந்த மாதிரிப் போட்டி நடக்கும். பத்து வருடத்துக்கு மேலாகத் தொடர்கிறேன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன்.

முதலில் ஒன்று. தரவரிசை எண்ணைப் பிடித்துக்கொண்டு தொடராதீர்கள். திங்கட்கிழமையைப் பிடித்துக்கொண்டு தொடருங்கள். எண் 52 வாரக் கணக்கு. போன வருடம் இதே வாரம் எடுத்த புள்ளி இந்த வாரம் கழிந்துவிடும். அவர் எங்கும் தோற்காமல் வீட்டில் காய்ச்சலோடு படுத்திருந்தால்கூட எண் இறங்கும். நான் ஆரம்பத்தில் ஒருவர் 340-லிருந்து 410-க்குப் போனதைப் பார்த்து என்னமோ ஆகிவிட்டது என்று பதறினேன். ஒன்றும் ஆகவில்லை. முந்தைய வருடம் வென்ற ஒரு சின்னப் பட்டத்தின் புள்ளிகள் கழிந்திருந்தன, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை என்றால் என்ன? பெரும்பாலும் அன்றுதான் ஒரு புதிய ஊர், புதிய டிரா (யார் யாரோடு மோதுவது என்ற அட்டவணை). அது எந்த ஊர் என்பது இரண்டு மூன்று வாரம் முன்பே நுழைவுப் பட்டியலில் தெரிந்துவிடும். ஐடிஎஃப் தளத்தில் ஒவ்வொரு போட்டிக்கும் அந்தப் பட்டியல் உண்டு. ஆனால் அவர் பெயரை ஒரு பட்டியலில் பார்த்ததும் அங்கேதான் போகிறார் என்று முடிவு கட்ட வேண்டாம். ஒரே வாரத்துக்கு மூன்று நான்கு போட்டிகளுக்குப் பெயர் கொடுத்து வைத்திருப்பார்கள். விலகுவதற்கான கடைசி நாள் தாண்டிய பிறகுதான் நிஜம் தெரியும். பிரதான சுற்றில் நேராக இடம் கிடைத்திருக்கிறதா, தகுதிச் சுற்று ஆட வேண்டுமா, இல்லை மாற்று வரிசையில் யாராவது விலகமாட்டார்களா என்று காத்திருக்கிறாரா என்பதையும் அதே பட்டியல் சொல்லும். மாற்று வரிசையில் மூன்றாவது இடத்தில் இருப்பவர் விமான டிக்கெட் போடலாமா வேண்டாமா என்று யோசிக்கிற வாரம் இருக்கிறதே, அதெல்லாம் எந்தச் செய்தித்தாளிலும் வராது.

டபிள்யூ15 போட்டியில் மொத்தப் பரிசே 15,000 டாலர். அதில் பட்டம் வெல்பவருக்கே இரண்டாயிரத்து முந்நூறு சொச்சம்தான் போகும். முதல் சுற்றில் தோற்றால் 200 டாலருக்கும் குறைவு, தரவரிசைப் புள்ளியும் கிடையாது. விமானம், அறை, சாப்பாடு, ராக்கெட்டுக்கு நரம்பு மாற்றுவது எல்லாம் சொந்தக் கைக்காசு. அதனால்தான் துனிசியாவின் மொனாஸ்டிர், துருக்கியின் அந்தால்யா போன்ற இடங்களில் வாரக்கணக்கில் தங்கிவிடுகிறார்கள். விடுதியை ஒட்டியே கோர்ட் இருக்கும், வாரம் தவறாமல் போட்டி நடக்கும். தோற்றாலும் அடுத்த திங்கள் அதே கோர்ட்டில் மறுபடி நிற்கலாம். பயிற்சியாளரை அழைத்துப்போகப் பலருக்கு வசதி இருக்காது.

மேலே வர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

சோனாய் கார்ட்டல், பிரைட்டன் பெண். 2024 விம்பிள்டன் வந்தபோது தரவரிசையில் 298. தகுதிச் சுற்று மூன்று ஆட்டமும் ஜெயித்து, பிரதான சுற்றில் மேலும் இரண்டு ஜெயித்து, மூன்றாவது சுற்றில் கோகோ காஃபிடம் தோற்றார். அதே ஆண்டு செப்டம்பரில் மொனாஸ்டிரில் டபிள்யூடிஏ 250 போட்டி. அதிலும் தகுதிச் சுற்றில் தொடங்கிப் பட்டமே வென்றுவிட்டார். சின்னப் போட்டிகளுக்காகப் போய்ப் போய்ப் பழகிய ஊர் அது. 2025 விம்பிள்டனில் நான்காவது சுற்று. அவர் ஹோவ் பக்கத்திலிருக்கிற ஒரு சாதாரண டென்னிஸ் கிளப்பில், ஜூலி ஹாப்ஸ் என்ற பயிற்சியாளரிடம் ஆறு வயது வாக்கில் ஆட ஆரம்பித்தவர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், 298-இல் இருந்த அந்த வாரமும் ஒரு திங்கட்கிழமைதான். அன்று யாருக்கும் தெரியாது.

பிராட்ஃபோர்டின் ஃபிரான் ஜோன்ஸைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. பிறவியிலேயே ஒவ்வொரு கையிலும் மூன்று விரலும் ஒரு கட்டைவிரலும்தான். கால்விரல்களும் குறைவு, ஒரு காலில் நான்கு, இன்னொன்றில் மூன்று. டென்னிஸ் முடியாது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். சின்ன வயதிலேயே பார்சிலோனாவுக்குப் போய் ஓர் அகாடமியில் வளர்ந்தார். 2021 ஆஸ்திரேலிய ஓபனுக்குத் தகுதி பெற்றபோது எல்லோரும் அவரைப் பற்றி எழுதினார்கள். அப்புறம் எழுதுவது நின்றது, அவர் ஆடுவது நிற்கவில்லை. காயம், திரும்ப வருதல், மறுபடி காயம். 2025 ஏப்ரலில் போகோட்டாவில் ஆட்டத்தின் நடுவே சரிந்து விழுந்து, சக்கர நாற்காலியில் வெளியே கொண்டுபோனார்கள். ஜூலையில் கான்ட்ரெக்ஸ்வில், பாலெர்மோ என்று அடுத்தடுத்து இரண்டு டபிள்யூடிஏ 125 பட்டங்கள். முதல் முறையாக முதல் நூறுக்குள் வந்தார். அன்று வார்டில் இடைவேளையில் கைபேசியில் ஸ்கோரைப் பார்த்துவிட்டு நான் அழுதேன். பக்கத்தில் இருந்தவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. கேட்டி ஸ்வான் 2016-இல் 16 வயதில் நாட்டுக்காக ஃபெட் கோப்பையில் ஆடினார். பிரிட்டன் அணியில் அதுவரை அவ்வளவு இளம் வயதில் யாரும் ஆடியதில்லை. 118 வரை ஏறினார். அதன் பிறகு உடம்பு விடவில்லை, மறுபடி சின்னப் போட்டிகளிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. நூறுக்கும் 118-க்கும் நடுவிலிருக்கும் தூரம் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் கிராண்ட்ஸ்லாம் மகளிர் ஒற்றையரில் தரவரிசை பார்த்து நேராக எடுப்பது 104 பேர். மீதி, தகுதிச் சுற்றிலிருந்து 16, வைல்டு கார்டு (தரவரிசை பார்க்காமல் அமைப்பாளர்களே தரும் இடம்) 8. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கு வருடமே வேறு மாதிரி.

நான் இதற்குள் வந்தது எலெனா பல்டாச்சாவால். கீவில் பிறந்து, அப்பாவின் கால்பந்து வேலையால் இப்ஸ்விச், அப்புறம் இங்கே ஸ்காட்லாந்தில் பெர்த் என்று வளர்ந்தவர். 19 வயதில் அவருக்குக் கல்லீரலின் பித்தநாளங்களைச் சுருக்கும் ஒரு நோய் இருப்பது தெரிந்தது. நான் கல்லீரல் பிரிவில் வேலை பார்த்திருக்கிறேன். அந்த நோய்க்காரர்களின் சோர்வு எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறேன், மாடிப்படி ஏறினாலே உட்கார்ந்துவிடுவார்கள். அந்த உடம்போடு அவர் 2010-இல் 49-ஆம் இடம் வரை போனார். 2014 மே மாதம் கல்லீரல் புற்றுநோயில் 30 வயதில் இறந்தார். அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் அவருடைய பழைய முடிவுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். எத்தனை சின்ன ஊர்கள். எத்தனை முதல் சுற்றுகள். அவர் ஆடிக்கொண்டிருந்தபோது ஒரு நாளாவது போய் உட்கார்ந்திருக்கலாமே என்று இருந்தது. அதனால் இப்போது ஆடுபவர்களுக்காகப் போய் உட்காருகிறேன்.

ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஊர், தரை, எதிராளி, ஸ்கோர், அவ்வளவு போதும். ஆறு மாதம் கழித்துப் புரட்டினால் அவர் யாரிடம் தோற்றாரோ அவர் எங்கே போயிருக்கிறார் என்பதும் தெரியும். அது தனி ருசி.

---

பேஸ்லைன் பதில்:

ஸ்காட்ஸ்டன் அம்மா அருமையாக எழுதியிருக்கிறார். ஒரு விஷயத்தில் மட்டும் என் கருத்தைச் சொல்ல வேண்டும். விம்பிள்டன் வைல்டு கார்டு. 2025-இல் அங்கே ஒற்றையர் முதல் சுற்றில் தோற்றாலே 66,000 பவுண்டு. தரவரிசை 250-இல் இருக்கும் நம்மூர்ப் பெண்ணுக்கு ஒரு கார்டு கிடைத்துவிட்டால் ஒரு வருடச் செலவு தீர்ந்துவிடும். அது நல்லதுதான். ஆனால் அதே 250-இல் இருக்கும் வேறு நாட்டுப் பெண்ணுக்கு அந்த வசதி இல்லை என்பதையும் யோசிக்க வேண்டும். கார்டு வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் தோற்று வருவதைவிட, விம்பிள்டன் தகுதிச் சுற்று நடக்கும் ரோஹாம்ப்டனில் மூன்று ஆட்டம் ஆடி உள்ளே வருவது ஒரு வீராங்கனையை வளர்க்கும் என்பது என் நம்பிக்கை.

ஜொஹானா கோன்டாவைப் பாருங்கள். 2015 கோடையில் கனடாவில் கிரான்பி, வான்கூவர் என்று இரண்டு சிறிய போட்டிகளை வரிசையாக வென்றார். வயது 24. அப்போது யாரும் கவனிக்கவில்லை. அதே கையோடு யு.எஸ். ஓபனில் தகுதிச் சுற்றிலிருந்து நான்காவது சுற்று. ஆறு மாதத்துக்குள் ஆஸ்திரேலிய ஓபன் அரையிறுதி. 2017-இல் உலகில் நான்காவது. எனக்கு இன்றும் அவருடைய ஆண்டு என்றால் கிரான்பிதான்.

---

ஸ்காட்ஸ்டன் பெஞ்ச் பதில்:

ஐயா, கிரான்பியை நினைவூட்டியதற்கு நன்றி. ஆனால் கார்டு விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2021 விம்பிள்டனில் ராடுகானு 338-ஆம் இடத்திலிருந்து வைல்டு கார்டில் வந்துதான் நான்காவது சுற்று வரை போனார். அந்தப் புல்தரை அவருக்குக் கிடைக்காமல் போயிருந்தால், இரண்டு மாதம் கழித்து யு.எஸ். ஓபனில் தகுதிச் சுற்றிலிருந்து பத்து ஆட்டம் ஒரு செட்கூட இழக்காமல் ஜெயித்த பெண் அங்கே போய்ச் சேர்ந்திருப்பாரா? அதற்கும் முன்னால், 2019 டிசம்பரில் அவர் இந்தியாவில் புனேயில் 25,000 டாலர் போட்டி ஒன்றை வென்றதை எத்தனை பேர் பார்த்தார்கள்? கார்டு சும்மா வந்த பரிசு இல்லை, அதற்குப் பின்னால் பல சிறிய ஊர்கள் இருக்கின்றன. மற்ற நாட்டுப் பெண்களின் கஷ்டம் எனக்கும் வலிக்கிறது. அதற்கு அடிமட்டத்தில் பரிசுப் பணத்தைக் கூட்ட வேண்டும். கார்டைப் பிடுங்கினால் அது தீராது.

---

கிராஸ்கோர்ட் பதில்:

இரட்டையரை யாருமே சொல்லவில்லை! நீங்கள் லஃப்பரோவில் இருப்பதால் சொல்கிறேன், ஒலிவியா நிக்கோல்ஸ் உங்கள் பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஒற்றையரில் பெரிதாக எட்டவில்லை, இரட்டையரைப் பிடித்துக்கொண்டு நாட்டு அணிக்கே வந்துவிட்டார். 2022 நவம்பரில் கிளாஸ்கோவில் பில்லி ஜீன் கிங் கோப்பை (பழைய ஃபெட் கோப்பைதான்) அரையிறுதி. ஆஸ்திரேலியாவோடு 1-1. கடைசி ஆட்டத்தில் அவரும் அலிசியா பார்னெட்டும். பத்துப் புள்ளி டைபிரேக்கில்தான் தோற்றார்கள். நான் எழுந்து நின்றே பார்த்தேன். 2023 விம்பிள்டனில் மாயா லம்ஸ்டனும் நைக்தா பெய்ன்ஸும் வைல்டு கார்டில் வந்து இரட்டையர் காலிறுதி போனார்கள். நீங்கள் பார்த்த அந்தப் பெண் நாற்பது நிமிடத்தில் இரட்டையர் ஆட வந்தாரே, அது களைப்பை மறைத்துக்கொண்டு செய்கிற கடமை மட்டும் இல்லை. பலருக்கு அதுதான் வழி.

கல்லூரி வழியும் ஒன்று உண்டு. லில்லி மியாசாகி டோக்கியோவில் பிறந்து பத்து வயதில் இங்கே வந்தவர். அமெரிக்காவில் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தில் படித்து முடித்துவிட்டு முழுநேர டென்னிஸுக்கு வந்தார். 2023 யு.எஸ். ஓபனில் தகுதி பெற்று முதல் சுற்றையும் வென்றார். அதனால் 22, 23 வயதில் 400-இல் இருக்கிறாரே, தாமதமாகிவிட்டதே என்று நினைக்க வேண்டாம்.

---

இரண்டாவது சர்வ் எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நோட்டு வாங்கிவிட்டேன் அக்கா. ஒன்று கேட்க வேண்டும். அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கம் கிடைத்தது. "5-2 வரை அருமையாக ஆடினீர்கள்" என்று ஒரு செய்தி அனுப்பலாமா?

---

ஸ்காட்ஸ்டன் பெஞ்ச் பதில்:

தம்பி, அனுப்பாதீர்கள். உங்கள் மனசு நல்லது, அதில் சந்தேகமில்லை. ஆனால் தோற்ற அன்று அந்தப் பெட்டியில் என்ன வந்து குவிகிறது தெரியுமா? இந்தச் சின்ன ஆட்டங்களிலும் உலகம் முழுவதும் பந்தயம் கட்டுகிறார்கள். பணம் போனவர்கள் வீராங்கனையைத் திட்டி, குடும்பத்தை இழுத்து, கொன்றுவிடுவேன் என்றெல்லாம் எழுதுகிறார்கள். 2024-இல் மட்டும் 458 ஆட்டக்காரர்களுக்கு எதிராகச் சுமார் 8,000 வசைப் பதிவுகள் வந்ததாக டபிள்யூடிஏவும் ஐடிஎஃபும் சேர்ந்து அறிக்கை விட்டார்கள். கேட்டி போல்டர் தனக்கு வந்தவற்றை 2025-இல் பிபிசியிடம் எடுத்துக் காட்டிப் பேசினார். அந்தக் குவியலுக்கு நடுவே 5-2 என்ற எண்ணை மறுபடி பார்ப்பது அவருக்கு நல்லதாக இருக்காது.

நேரில் பார்த்தால் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்த உடனே இல்லை, அவர் குளித்துச் சாப்பிட்டு நடந்து போகும்போது. "உங்கள் ஆட்டம் பார்த்தேன், பேக்ஹேண்ட் பிடித்தது" என்றால் போதும். போட்டோ கேட்க வேண்டாம். ஒருமுறை நான் இப்படிச் சொன்னதற்கு ஒரு பெண் நின்று, "எந்த ஆட்டம்? சனிக்கிழமை தகுதிச் சுற்றா? அதையும் பார்த்தீர்களா?" என்று இரண்டு தரம் கேட்டார்.

---

இரண்டாவது சர்வ் எழுதியது:

சரி அக்கா, அனுப்பவில்லை.

நீங்கள் சொன்ன மாதிரியே இரண்டு பட்டியலில் பெயர் இருந்தது. விலகல் நாள் முடிந்ததும் மொனாஸ்டிர் மட்டும் மிஞ்சியது. டபிள்யூ15, பிரதான சுற்றில் நேரடி இடம். முதல் ஆட்டத்தை நேரலையில் பார்த்தேன். காற்று பலமாக அடித்தது, ஒரு தரம் கேமராவே ஆடியது. 6-4, 3-6, 6-4. மூன்றாவது செட்டில் 5-2 வந்தபோது என்னால் உட்கார முடியவில்லை. 5-4 ஆனது. அடுத்த கேமில் 15-30 என்று பின்தங்கி, இரண்டாவது சர்வை ஓங்கி அடித்தார். உள்ளே விழுந்தது.

நோட்டில் எழுதிவிட்டேன். அடுத்தது புதன்கிழமை, ஏழாவது கோர்ட்டில் இரண்டாவது ஆட்டம். எதிராளி இந்தப் போட்டியில் மூன்றாவது தரநிலை (சீட்) பெற்றவர். அன்று காலை எனக்கு வகுப்பு இல்லை.